பைப்பிங் மாடலில் கிளாஷ் செக்: டாலரன்ஸை 25 ஆக்கினால் சரியா?

திருப்பாதிரிப்புலியூர்
திங்கள், இரவு 9:40

வணக்கம். புதுச்சேரியில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸில் பைப்பிங் பார்க்கிறேன். மொத்தமே 7 பேர். இப்போது கையில் இருப்பது கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலைக்கான சால்வென்ட் மீட்பு யூனிட். ஏற்கெனவே இருக்கும் பைப் ரேக்கிலிருந்து (லைன்களைத் தாங்கும் ஸ்டீல் சட்டம்) லைன்களை எடுத்து, புதிதாக வரும் மூன்று மாடி ஸ்டீல் ஸ்ட்ரக்சருக்குள் கொண்டு போக வேண்டும். பைப்பிங்கை ஆட்டோகேட் பிளான்ட் 3டியில் போட்டிருக்கிறோம். ஸ்டீலை வெளியே ஒருவர் டெக்லா என்ற ஸ்டீல் மாடலிங் மென்பொருளில் செய்து, எல்லா மென்பொருளிலும் திறக்கும் பொது வடிவமான ஐ.எஃப்.சி. கோப்பாக அனுப்புகிறார். எல்லாவற்றையும் மாடல்களை ஒன்றாக்கிப் பார்க்கும் நேவிஸ்வொர்க்ஸில் சேர்த்து, எது எதோடு மோதுகிறது என்று தேடும் கிளாஷ் டிடெக்டிவ் ஓட்டினேன். இடது பக்கம் எல்லாம், வலது பக்கமும் எல்லாம், வகை ஹார்ட், டாலரன்ஸ் 1 மி.மீ. வந்தது 3,800 சொச்சம் மோதல்.

இன்னும் பத்து நாளில் 60 சதவீத மாடல் ரிவ்யூ. கிளையண்ட் "ஜீரோ கிளாஷ் ரிப்போர்ட்" கேட்டிருக்கிறார். ஆபீஸில் ஒருவர் சொன்ன வழி: டாலரன்ஸை 25 ஆக்கு, பெரும்பாலானவை போய்விடும், மிச்சத்தை அப்ரூவ்ட், அதாவது ஒப்புக்கொண்டது என்று போட்டுவிடு. செய்து பார்த்தேன், 600 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் மனசு ஒப்பவில்லை. எதை எதோடு மோதவிட வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் வைக்க வேண்டும் என்று செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

பாகூர்
திங்கள், இரவு 10:55

மாடல் கோஆர்டினேஷன்தான் என் வேலை. முதலில் அந்த 25-ஐ எடுத்துவிடுங்கள்.

கிளாஷ் டிடெக்டிவில் டாலரன்ஸ் என்கிற கட்டம் ஒன்றுதான். ஆனால் வகையை மாற்றினால் அதன் பொருளும் தலைகீழாக மாறிவிடும். ஹார்ட் சோதனையில் அது "இவ்வளவு ஊடுருவினால் பரவாயில்லை" என்று மென்பொருளுக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி. கிளியரன்ஸ் சோதனையில் அதே எண் "இவ்வளவு இடைவெளி இல்லாவிட்டால் கத்து" என்கிற கட்டளை. நீங்கள் ஹார்டில் 25 போட்டிருக்கிறீர்கள். அதாவது 2 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டமான 60.3 மி.மீ.யில் 24 மி.மீ. பீமின் ஓரத்தில் புதைந்திருந்தாலும் சோதனை வாய் திறக்காது. சைட்டில் அந்த பைப் போகவே போகாது. உங்கள் ஆபீஸ் நண்பர் கிளியரன்ஸில் 25 வைக்கும் பழக்கத்தைக் கேட்டு, அதை ஹார்டில் போடச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்தக் குழப்பத்தை நான் பல ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஓட்டாதீர்கள். சர்ச் செட் போடுங்கள். பைப்பிங், ஸ்டீல், கிரேட்டிங், எக்விப்மென்ட், கேபிள் ட்ரே, சப்போர்ட் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். மாடலின் பாகங்களைக் காட்டும் பட்டியல் மரத்தில் போய்க் கையால் தேர்ந்தெடுத்தால் கோப்பு புதிதாக வரும்போது விட்டுப்போகும். பெயர், லேயர், பண்பு இவற்றைத் தேடிப் பிடிக்கும் செட் என்றால் புதிதாக வந்த பாகமும் தானாக உள்ளே வரும். பிறகு ஜோடி ஜோடியாகச் சோதனை: பைப்பிங்கும் ஸ்டீலும், பைப்பிங்கும் எக்விப்மென்டும், பைப்பிங்கும் பைப்பிங்கும், பைப்பிங்கும் ட்ரேயும். ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஸ்டீலோடு ஹார்ட் சோதனைக்கு நான் 3 மி.மீ. வைப்பேன். வளைந்த பரப்புகளை நேவிஸ்வொர்க்ஸ் சின்னச் சின்ன முக்கோணங்களாகத்தான் வைத்திருக்கிறது. அந்தத் தோராயத்தால் வரும் பொய்ச் சத்தத்துக்கு அது போதும்.

ரூல்ஸ் பக்கத்தில் ஒரே காம்போசிட் பொருளுக்குள் (பல பாகம் சேர்ந்த ஒற்றைப் பொருள்) இருப்பவற்றை ஒதுக்கும் விதியை டிக் செய்யுங்கள். பம்ப் ஸ்கிட், வால்வு இவற்றின் உள் பாகங்கள் ஒன்றோடொன்று மோதுவதாக வருவது நின்றுவிடும். ஒரே லைன் நம்பர் கொண்ட பாகங்களை விட்டுவிடவும் ஒரு விதி எழுதலாம். எல்போ, பைப், கேஸ்கட் சந்திப்புகள் எல்லாம் போய்விடும்.

3,800-ல் பெரும்பகுதி உங்கள் தவறு அல்ல, சோதனையைக் கேட்ட விதம்தான்.

---

மஞ்சக்குப்பம்
செவ்வாய், காலை 7:15

பாகூர் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. ஒரே லைன் நம்பரை ஒதுக்கும் விதியை மட்டும் மறுபடி யோசியுங்கள்.

கண்ட்ரோல் வால்வு ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். மெயினும் பைபாஸும் பெரும்பாலும் ஒரே லைன் நம்பரில்தான் ஓடும். பைபாஸில் இருக்கும் குளோப் வால்வின் ஹேண்ட்வீலோ, கண்ட்ரோல் வால்வின் ஆக்சுவேட்டர் தலையோ தன் லைனின் இன்னொரு காலிலேயே போய் முட்டும். ஆக்சுவேட்டர் உயரம் வெண்டர் டிராயிங்கில் வந்த பிறகு மாறுவது இந்தத் தொழிலில் வழக்கம். லைன் நம்பரை ஒதுக்கினால் அந்த மோதலும் சேர்ந்து மறைந்துவிடும். அதைவிட, ஸ்னாப் பாயின்ட் (இணைப்புப் புள்ளி) ஒன்றாக இருக்கும் பாகங்களை விடும் விதி இருக்கிறது, பைப் சேரும் இடத்தை அது ஓரளவு பிடிக்கும். லைன் நம்பர் விதியை வைத்தே தீர வேண்டும் என்றால், ஒரே லைனுக்குள் வால்வுகளையும் பைப்பையும் மட்டும் மோதவிடும் தனிச் சோதனை ஒன்று கூடவே இருக்கட்டும்.

நான் நெடுங்காலம் பி.டி.எம்.எஸ். என்ற ஆலை வடிவமைப்பு மென்பொருள், பிறகு அதன் வாரிசான ஈ3டி. அங்கே கிளாஷ் செட்டிங்கின் பாதி, பாகங்களின் வடிவங்களை வைத்திருக்கும் கேட்லாகில் இருக்கிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆப்ஸ்ட் என்று ஒரு மதிப்பு உண்டு. 2 என்றால் கெட்டிப் பொருள், 1 என்றால் மென்மையானது, அதாவது கை போக, வால்வு திருப்ப, கழற்ற வேண்டிய காலி இடம். 0 என்றால் கிளாஷ் கணக்கில் அது இல்லவே இல்லை. ஸ்மார்ட் 3டி என்ற இன்னொரு மென்பொருளில் இதையே ஆஸ்பெக்ட் என்பார்கள். உருவம், இன்சுலேஷன், இயக்கம், பராமரிப்பு என்று ஒரே பொருளுக்குப் பல தோல்கள். எந்தத் தோலைச் சோதனையில் சேர்ப்பது என்பதை அட்மின் தீர்மானிப்பார்.

ஒரு பிராஜெக்டில் கேட்லாக் எழுதியவர் ஒரு வகை கேட் வால்வின் ஹேண்ட்வீலுக்கு 0 போட்டுவிட்டார். கவனக்குறைவுதான். அந்த வகை வால்வு யூனிட் முழுக்க இருந்தது. மாதக்கணக்கில் கிளாஷ் ரிப்போர்ட் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. 90 சதவீத ரிவ்யூவில், திரையில் மாடலுக்குள் நடந்து போகும்போது ஆபரேஷன்காரர் ஒருவர், "இந்தச் சக்கரம் பிரேஸிங்குக்குள்ளே இருக்கே" என்று விரலை வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து எந்தப் புதுச் செட்டிங்கையும் நான் நம்புவதில்லை, சோதிப்பேன். வேண்டுமென்றே ஒரு பைப்பை பீமுக்குள் விடுவேன். ஒரு ஹேண்ட்வீலைத் தூணில் புதைப்பேன். இரண்டு இன்சுலேஷன் லைன்களை 10 மி.மீ. இடைவெளியில் வைப்பேன். எல்லாச் சோதனையையும் ஓட்டுவேன். நான் வைத்த மூன்றும் பிடிபட்டால்தான் மற்ற முடிவுகளைத் திறப்பேன். முடிந்ததும் அவற்றை மறக்காமல் அழித்துவிடுங்கள்.

---

பாகூர்
செவ்வாய், காலை 8:02

பைபாஸ் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்வதுதான் சரி. என் டெம்ப்ளேட்டிலும் இன்றே மாற்றுகிறேன்.

வேண்டுமென்றே மோதல் வைத்துப் பார்ப்பது நேவிஸ்வொர்க்ஸில் இன்னும் முக்கியம். சாதாரண ஹார்ட் சோதனை முக்கோணமும் முக்கோணமும் வெட்டுகிறதா என்றுதான் பார்க்கிறது. இரண்டு பைப்கள் மிகச் சரியாக இணையாகப் படுத்து, முனைகளில் கொஞ்சம் ஏறியிருந்தால் முக்கோணங்கள் வெட்டாமலே தப்பிவிடும் வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் ஹார்ட் கன்சர்வேட்டிவ் என்று இன்னொரு வகை வைத்திருக்கிறார்கள். அது பொய்யாகச் சிலதைக் காட்டும், ஆனால் தவறவிடாது. பைப்பிங்–பைப்பிங் சோதனைக்கு மட்டும் வாரம் ஒரு முறை அதை ஓட்டிப் பாருங்கள்.

---

உப்பனாறு_கரை
செவ்வாய், மதியம் 1:20

நான் டிசைன் ஆள் இல்லை. எரக்ஷன் பக்கம். சிப்காட்டில் உப்பனாற்றை ஒட்டிய ஆலைகளில்தான் என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. உங்கள் மாடல் எங்களிடம் ஐசோவாகவும் (ஒரு லைனின் வரைபடம்) ஸ்பூலாகவும் (முன்பே வெல்ட் செய்த பைப் துண்டு) வந்து சேரும் இடத்திலிருந்து பேசுகிறேன்.

பீமில் பைப் இடிப்பதை நாங்கள் எப்படியாவது சமாளித்துவிடுவோம். எங்களை வாட்டுவது இடிக்காதவை.

ஒரு ஆலையில் 6 இஞ்ச் ஸ்டீம் லைனும், பக்கத்தில் 4 இஞ்ச் ஹாட் ஆயில் லைனும். மாடலில் இரண்டு வெறும் பைப்புக்கும் நடுவே 60 மி.மீ. இடைவெளி. ரிப்போர்ட் சுத்தம். இரண்டுக்கும் இன்சுலேஷன் 50 மி.மீ. தடிமன். கூட்டிப் பாருங்கள்: இருக்கிற இடம் 60, வேண்டியது 100. இன்சுலேஷன் மாடலில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இன்சுலேஷன் போடும் பையன் ராக்வூலை அமுக்கிப் பார்த்தான், அடங்கவில்லை. கடைசியில் இரண்டு லைனையும் ஒட்டி, வெளித்தகட்டை நடுவில் வாய் பிளந்த மாதிரி வெட்டி, சீலன்ட் பூசிவிட்டார்கள். நம் ஊர்க் காற்று தெரியும்தானே. உப்பு. சீலன்ட் இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு தண்ணீர் உள்ளே இறங்கி, கம்பளிக்குள் ஊறிக் கிடந்தது. தகட்டைப் பிரித்தபோது பைப்பின் அடிப்பக்கம் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தேன்.

ஆகவே என் வேண்டுகோள்: இன்சுலேஷன் தோலோடு சோதனை ஓட்டுங்கள். அந்தத் தோலுக்கு வெளியே இன்னும் ஒரு கை போகும் இடம் விடுங்கள். 25 மி.மீ. என்பது குறைந்தபட்சம். தகட்டை மடித்து ரிவெட் அடிக்க 50 இருந்தால் எங்கள் ஆட்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

ஹேண்ட்வீலும் அப்படித்தான். 4 இஞ்ச், 150 கிளாஸ் கேட் வால்வு ஒன்று பிரேஸிங்கில் முட்டியது. பிளாஞ்சில் 8 போல்ட். ஒரு துளை தள்ளி மாட்டினோம், சக்கரம் 45 டிகிரி சாய்ந்தது, முட்டல் போனது. ஆனால் சக்கரம் இப்போது நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மோதலைத் தீர்த்து இன்னொன்றை உண்டாக்கினோம். நடைபாதை மாடலில் வெறும் காற்று, அதனால் அது யாருடைய ரிப்போர்ட்டிலும் வரவில்லை.

---

அரியாங்குப்பம்
செவ்வாய், மதியம் 3:48

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, சார். ஒரு சந்தேகம். எல்லா இடத்திலும் 25 மி.மீ. கிளியரன்ஸ் வைத்தால் எண்ணிக்கை இன்னும் ஏறிவிடாதா? ரேக் பீம் மேல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பைப்பும் மோதலாக வருமே?

---

பாகூர்
செவ்வாய், மாலை 5:30

வரும் தம்பி. நல்ல கேள்வி. அதனால்தான் கிளியரன்ஸ் சோதனையைப் பைப்பிங்–ஸ்டீல் முழுவதற்கும் ஓட்டக்கூடாது. பைப் ஸ்டீல் மேல் உட்காருவது அதன் வேலை. நேராக உட்காரும் பைப், ஷூ (பைப்பின் அடியில் பொருத்தும் தாங்கி) வைத்து உட்காரும் பைப், யு போல்ட் மாட்டிய பைப் எல்லாம் தொடுதல்கள். தொடுதலை மோதலாக எண்ணினால் பட்டியல் வீங்கிவிடும். ஈ3டியில் தொடுதல் என்றே தனி வகை வைத்திருக்கிறார்கள், எத்தனை இடைவெளி வரை, எத்தனை ஏறியிருந்தால் வரை தொடுதல் என்பதை நீங்களே சொல்லலாம். நேவிஸ்வொர்க்ஸில் அந்த வசதி இல்லை. செட் பிரித்துத்தான் செய்ய வேண்டும்.

கிளியரன்ஸ் சோதனை பைப்பிங்குக்கும் பைப்பிங்குக்கும், இன்சுலேஷனோடு. ரேக்கில் இடைவெளி முதலிலேயே சரியாகப் போட்டிருந்தால் இங்கே அதிகம் வராது. கணக்கு தெரியும் என்று நினைக்கிறேன். பெரிய லைனின் பிளாஞ்ச் விட்டத்தில் பாதி, பக்கத்து லைன் விட்டத்தில் பாதி, அதன் இன்சுலேஷன், பிறகு 25. எடுத்துக்காட்டாக 8 இஞ்ச், 150 கிளாஸ் பிளாஞ்ச் 345 மி.மீ., பாதி 172.5. பக்கத்தில் 6 இஞ்ச் பைப் 168.3, பாதி 84. அதற்கு 50 இன்சுலேஷன். 25 சேர்த்தால் 331 சொச்சம். 335 என்று வையுங்கள். இதைப் பார்த்துப் போட்டவருக்குக் கிளியரன்ஸ் சோதனை ஒரு சரிபார்ப்புதான். பார்க்காமல் 300, 300 என்று அடுக்கியவருக்கு அது பட்டியலாக வந்து நிற்கும்.

உப்பனாறு_கரை சொன்ன நடைபாதைக்கும் வழி இருக்கிறது. காற்றைக் கட்டியாக்குங்கள். நடைபாதை நீளத்துக்கு 2.1 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி வரைந்து, தனி லேயரில் வையுங்கள். எக்ஸ்சேஞ்சர் முன்னால் டியூப் பண்டில் வெளியே வரும் இடத்துக்கு ஒரு பெட்டி. பம்ப் மோட்டாரைத் தூக்க மேலே ஒரு பெட்டி. ஏணி ஏறும் இடம், சேஃப்டி ஷவர் முன்புறம், இப்படி. இந்தப் பெட்டிகளைப் பைப்பிங்கோடும் ட்ரேயோடும் ஹார்ட் சோதனையில் ஓட்டுங்கள். ஒரு நாள் வேலை. என் அனுபவத்தில் ரிவ்யூவில் ஆபரேஷன்காரர்கள் எழுப்பும் குறைகளில் பெரும்பாலானவை இந்தப் பெட்டிகளுக்குள்தான் விழுகின்றன.

---

சேதராப்பட்டு
செவ்வாய், இரவு 9:10

ஸ்டீல் டீடெயிலிங் செய்கிறவன். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் ஐ.எஃப்.சி.யில் கனெக்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் கட்டத்தில் நாங்கள் தரும் மாடலில் பீம், தூண், பிரேஸிங் வெறும் கோல்களாக மட்டும் இருக்கும். கஸட் பிளேட் (மூலையில் இணைக்கும் தகடு), என்ட் பிளேட், போல்ட் எல்லாம் பிறகுதான். பிரேஸிங் தூணைச் சந்திக்கும் மூலையில் பைப்பிங்காரர்களுக்கு நல்ல காலி இடம் தெரியும், 2 இஞ்ச் லைனை அதில் ஏற்றிவிடுவார்கள். பிறகு அங்கே 400-க்கு 400 கஸட் வந்து உட்காரும். கனெக்ஷன் வராத கட்டத்தில் அந்த மூலைகளில் தோராயமாக ஒரு தடித்த முக்கோணத் தகட்டை நாங்களே வைத்துத் தர முடியும். கேட்டால் தருவோம். யாரும் கேட்பதில்லை.

ஃபயர்புரூஃபிங் அதைவிட முக்கியம். சால்வென்ட் யூனிட் என்கிறீர்கள், கீழ்த் தளத் தூண்களுக்கு கான்கிரீட் உறை வரும். சுற்றிலும் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்லாவில் நாங்கள் போடுவது வெறும் ஸ்டீல். தூணிலிருந்து 40 மி.மீ. தள்ளிப் போகும் பைப் உங்கள் ரிப்போர்ட்டில் நல்லபடியாக இருக்கும். ஷட்டரிங் அடிக்க வருகிறவர் அந்தப் பைப்பைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்.

கிரேட்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பைப் கிரேட்டிங்கைத் துளைத்துப் போவதை அப்ரூவ்ட் போட்டு மறைக்க வேண்டாம். அந்தச் சோதனையைத் தனியாக ஓட்டி, ரிப்போர்ட்டை அப்படியே எங்களிடம் கொடுங்கள். எந்தத் தளத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய துளை என்று அதிலிருந்தே எடுத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் எல்லாத் துளையும் சைட்டில் கேஸ் கட்டர் வைத்து வெட்டப்படும், ஓரப் பட்டையும் போட மாட்டார்கள்.

---

வில்லியனூர்
புதன், காலை 6:50

ஸ்ட்ரெஸ் பார்க்கிறேன். இங்கே இதுவரை பேசியதெல்லாம் குளிர்ந்த பைப்பைப் பற்றி.

கார்பன் ஸ்டீல், ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 0.012 மி.மீ. நீளும். 50 மீட்டர் ஓடும் லைன், 200 டிகிரி ஏறினால் 120 மி.மீ. ஒரு முனையில் ஆங்கர் (பைப்பை நகராமல் பிடிக்கும் இடம்) இருந்தால் மொத்த நகர்வும் மறுமுனை எல்போவில் வந்து நிற்கும். எல்போவுக்கு வெளியே பக்கத்து லைன் 75 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றால் மாடல் சும்மா இருக்கும், ஸ்டார்ட்அப் அன்று முட்டும்.

நான் பயப்படுவது இன்னும் சின்ன விஷயத்துக்கு. பெரிய ஹெடரின், அதாவது பிரதான பைப்பின், அடியில் தொங்கும் முக்கால் இஞ்ச் டிரெயின். அதன் வால்வு ரேக் பீமிலிருந்து 40 மி.மீ. தள்ளி இருக்கும். ஹெடர் 60 நகர்ந்தால் டிரெயின் பீமில் சாய்ந்து, வெல்டில் கழுத்து முறியும். ஹெடரும் பிழைக்கும், பீமும் பிழைக்கும், போவது அந்தக் கிளைதான். உள்ளே இருப்பது சால்வென்ட்.

நேவிஸ்வொர்க்ஸுக்கு வெப்பம் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சூடான லைன்களுக்கு ஸ்ட்ரெஸ் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு நோடிலும் எந்தத் திசையில் எவ்வளவு நகர்வு என்று இருக்கும். 25 மி.மீ.க்கு மேல் நகரும் இடங்களை மட்டும் எடுத்து, அங்கே பைப்பின் சூடான நிலையை மூடும் அளவுக்கு ஒரு உருளை அல்லது பெட்டி வரைந்து, பாகூர் சொன்ன காற்றுப் பெட்டிகளோடு அதே லேயரில் சேர்த்துவிடுங்கள். உங்கள் அளவு யூனிட்டில் இருபது இருபத்தைந்து பெட்டிக்கு மேல் வராது. ஸ்ட்ரெஸ் முடியாத லைனுக்குக் கைக் கணக்கு போதும்.

---

திருப்பாதிரிப்புலியூர்
வியாழன், இரவு 11:30

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதையேதான் செய்கிறேன்.

டாலரன்ஸை 3-க்குக் கொண்டுவந்தேன், செட் பிரித்தேன், காம்போசிட் விதி போட்டேன். மஞ்சக்குப்பம் சொன்னபடி மூன்று மோதல்களை வேண்டுமென்றே வைத்தேன். இரண்டு பிடிபட்டன. இன்சுலேஷன் ஜோடி பிடிபடவில்லை. தேடிப் பார்த்தால் நேவிஸ்வொர்க்ஸுக்கு வந்த கோப்பில் இன்சுலேஷன் உருவமே இல்லை, பண்பாக மட்டும் இருந்தது. இதை வைத்துப் பார்க்காமல் இருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. இப்போதைக்கு இன்சுலேஷன் தடிமன் வாரியாக லைன்களைத் தனிச் செட்களாகப் பிரித்து, கிளியரன்ஸ் எண்ணிலேயே தடிமனைச் சேர்த்து ஓட்டுகிறேன். 50-க்குப் பக்கத்தில் 50 வரும் ஜோடிக்கு 125. பிளாஞ்ச் நிற்கும் இடங்களில் கொஞ்சம் பொய்யாக வருகிறது, அவற்றைக் கண்ணால் பார்த்துத் தள்ளுகிறேன். இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். பைப்பிங்–ஸ்டீல் சோதனையில் மட்டும் 900-க்கு மேல் வந்தது. முதல் தளத்திலிருந்து மேலே வரை எல்லாமே ஒரே மாதிரி. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் அளந்தேன். எல்லாம் 300 மி.மீ. கீழே. 2015 வெள்ளத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் நின்ற உயரத்தைக் கணக்கில் வைத்து, தரைமட்டத்தை 300 உயர்த்துவதாகப் போன மாதம் முடிவானது. பைப்பிங் புது மட்டத்தில், எனக்கு வந்த ஸ்டீல் பழைய மட்டத்தில். ஒரு பழைய கோப்பு. புதியதை வாங்கிப் போட்டேன், 900 போய் 140 ஆனது. அந்த 140-ல் கஸட் மூலைகள் 31. சேதராப்பட்டு, உங்கள் யோசனையை டெக்லாகாரரிடம் சொன்னேன், மறுநாளே தகடு வைத்து அனுப்பிவிட்டார்.

---

காராமணிக்குப்பம்
வெள்ளி, காலை 10:05

நான் இந்தப் பட்டியலைக் கேட்கும் பக்கத்தில் இருப்பவன், ஓனர் தரப்பு எஞ்சினியர். உங்கள் கிளையண்ட் நான் இல்லை, ஆனால் நானும் டெண்டரில் "ஜீரோ கிளாஷ்" என்று எழுதுகிறவன்தான். ஏன் எழுதுகிறோம் என்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அப்படி எழுதாமல் விட்டோம். 2,000 வரிப் பட்டியல் வந்தது, யார் எதைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. பிறகு ஜீரோ என்று எழுதினோம். ஜீரோ வந்தது. அப்ரூவ்ட் பக்கத்தைத் திறந்தால் 1,100 இருந்தது, எல்லாம் ஒரே நாளில், ஒரே ஆள் பெயரில், காரணம் எழுதும் இடம் காலி. நேவிஸ்வொர்க்ஸில் ஒரு மோதலை அப்ரூவ்ட் என்று குறித்துவிட்டால், மறுபடி ஓட்டும்போது அதே மோதல் அகப்பட்டாலும் அந்த நிலை மாறாது. 5 மி.மீ. உரசலாக இருந்ததை நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். பிறகு பைப் நகர்ந்து அதே பீமில் 50 புதைந்தால், அது நியூ என்று வந்து உங்களை எழுப்பும் என்று நம்பி இருக்க முடியாது.

இப்போது நான் கேட்பது வேறு. அப்ரூவ்ட் ஒவ்வொன்றிலும் ஒரு வரிக் காரணம், ஒப்புக்கொண்டவர் எந்தத் துறை என்பது. "ஷூ பீமில் வெல்ட்", "டிரனியன் எல்போவில் வெல்ட்", "கிரேட்டிங் துளை, பட்டியல் ஸ்டீல் பக்கம் போயிற்று" என்று இவ்வளவு போதும். கூடவே ஒரு பக்கத்தில் எந்தச் செட்டோடு எந்தச் செட், என்ன வகை, எத்தனை மில்லிமீட்டர், எந்த விதிகள், எந்தெந்தக் கோப்பு எந்தத் தேதியினது என்கிற விவரம். அந்தப் பக்கம் இல்லாமல் வரும் எந்த எண்ணையும் நான் படிப்பதில்லை. உங்கள் கிளையண்டிடம் ரிவ்யூவுக்கு முன்பே இந்தப் பக்கத்தைக் கொண்டு போய்க் காட்டிப் பேசுங்கள். 60 சதவீதத்தில் ஒன்றரை இஞ்சுக்குக் கீழ் உள்ள லைன்களைச் சேர்க்கப்போவதில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஒளித்து வைக்காமல் எழுதியதைப் பார்த்து எந்த ஓனரும் கோபப்பட்டு நான் கண்டதில்லை.

---

அரியாங்குப்பம்
வெள்ளி, காலை 11:20

இந்த இழையை பிரின்ட் எடுத்து எங்கள் ஆபீஸ் போர்டில் ஒட்டிவிட்டேன். ஸ்னாப் பாயின்ட் விதி இவ்வளவு நாள் என்ன செய்கிறது என்றே தெரியாமல் டிக் செய்துகொண்டிருந்தேன்.

---

திருப்பாதிரிப்புலியூர்
சனி, மாலை 6:15

காராமணிக்குப்பம் சொன்ன மாதிரி ஒரு பக்கம் எழுதி, இன்று கிளையண்டிடம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஜீரோவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தை இரண்டு முறை படித்தார். ஹேண்ட்வீல் சோதனையில் மேல் தளத்து வால்வுகளையும் சேர்க்கச் சொன்னார், அங்கே கண்ணாடி, கையுறையோடு ஆள் நிற்பார், 450 மி.மீ.யாவது வேண்டும் என்றார். சேர்த்தாயிற்று, 6 வால்வு மாட்டியது. வில்லியனூர் சொன்ன சூடான பெட்டிகள் 18 வந்தன. அதில் ஒரு டிரெயின், நீங்கள் எழுதியதைப் போலவே, பீமிலிருந்து 35-ல். அதை ஹெடரின் மறுபக்கம் திருப்பிவிட்டோம்.

இப்போது தீராமல் நிற்பது ஒன்றுதான். பழைய ரேக். அதன் டிராயிங் ஆலையில் இருக்கிறது, ஆனால் பின்னால் போட்ட லைன்கள் அதில் இல்லை. நான் மாடலில் வைத்திருப்பது டிராயிங்கில் உள்ள ரேக். லேசர் ஸ்கேன் எடுத்தால் அந்தப் புள்ளிகளோடு கிளியரன்ஸ் சோதனை ஓட்டலாம் என்று தெரியும். இந்த பட்ஜெட்டில் ஸ்கேன் இல்லை. டை-இன் (பழைய லைனில் புது லைனை இணைப்பது) எடுக்கும் மூன்று இடத்துக்கு மட்டும் கையால் அளந்து மாடல் போட்டால் போதுமா?

---

உப்பனாறு_கரை
சனி, இரவு 8:40

மூன்று இடம் போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் ஒரு பே (இரண்டு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதி) சேர்த்து அளக்க வேண்டும். டிராயிங்கில் இருக்கும் தூண் நடுக்கோட்டை நம்பி அளக்க ஆரம்பிக்காதீர்கள். பழைய ரேக்குகளில் தூண் உச்சி கொஞ்சம் சாய்ந்திருப்பது சாதாரணம். அடியில் ஒரு அளவு, உச்சியில் ஒரு அளவு எடுத்து, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பைப்பின் அடிமட்டத்தைத் தரையிலிருந்து எடுக்காமல், பக்கத்தில் மாறாத ஏதாவது ஒரு பீடத்தின் மேல்மட்டத்திலிருந்து எடுங்கள். தரை ஒவ்வொரு மழைக்கும் ஒரு மாதிரி இருக்கும். பயன்பாட்டில் இல்லாத லைன் என்று யாராவது சொன்னால், அதையும் மாடலில் வையுங்கள். கழற்றும் வரை அது அங்கேதான் இருக்கப் போகிறது.

தனியாகப் போகாதீர்கள், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். காலை 7 மணிக்குப் போனால் வெயில் ஏறுவதற்குள் மூன்றையும் முடித்துவிடலாம். ஒர்க் பர்மிட்டை முந்தின நாளே போட்டு வையுங்கள், உயரத்தில் ஏறுவதற்குத் தனி பர்மிட் கேட்பார்கள். அளவு எடுத்ததும் அங்கேயே நின்று பேப்பரில் வரைந்து, கூட வந்தவரை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். 2,340-ஐ 2,430 என்று எழுதிவிட்டுப் புதுச்சேரி போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தால், மறுபடி பர்மிட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

---

திருப்பாதிரிப்புலியூர்
சனி, இரவு 9:05

சரி அண்ணே. திங்கள் போகிறோம், இரண்டு பேர். பர்மிட்டுக்கு இப்போதே மெயில் போட்டுவிட்டேன். அளந்து வந்ததும் அந்த மூன்று இடத்துக்கும் சோதனை ஓட்டி, முடிவை இங்கேயே போடுகிறேன்.